மொய் திரும்பி வந்த கல்யாணம்

சீனாவின் குவாங்சோ நகரத்தில் சோங்தா துணிச் சந்தையை ஒட்டி காங்லே என்றொரு பகுதி. பெயருக்குத்தான் கிராமம். கை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடலாம், அவ்வளவு நெருக்கமான கட்டடங்கள். உள்ளே வரிசையாகத் தையல் பட்டறைகள். வேலை மும்முரமான நாட்களில் பட்டறை முதலாளிகள் தெருவோரம் நிற்பார்கள், கையில் ஒரு சாம்பிள் உடுப்போடு. வேலை தேடி வருகிறவர் அதை வாங்கி, உள்பக்கம் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, பீஸுக்கு எவ்வளவு என்று கேட்பார். கட்டவில்லையென்றால் அடுத்த முதலாளி. தொழிலாளி முதலாளியை இன்டர்வியூ எடுக்கும் இந்தக் காட்சி, திருப்பூர்க்காரனான எனக்கு அலுத்ததே இல்லை.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். எங்களுக்கு ஜிப் கொடுக்கும் கடைக்காரரின் மகளுக்குத்தான். சட்டப்படி பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே கணவன் மனைவி, பதிவு முடிந்து சிவப்புப் புத்தகமும் (திருமணச் சான்றிதழ்) வாங்கியாகிவிட்டது. (2025 மே மாதத்திலிருந்து குடும்பப் பதிவேடு இல்லாமலே நாட்டில் எங்கே வேண்டுமானாலும் பதியலாம்.) ஆனாலும் விருந்து போட்டால்தான் ஊர் ஒத்துக்கொள்ளும்.

காலையில் மாப்பிள்ளை வந்தால் பெண் வீட்டுக் கதவு திறக்காது. தோழிகள் தண்டால் எடுக்கச் சொல்கிறார்கள், பாகற்காய் தின்னச் சொல்கிறார்கள், கதவிடுக்கில் பணம் வைத்த சிவப்புக் கவர் வந்துகொண்டே இருக்க வேண்டும். உள்ளே போனால் பெண்ணின் ஒரு ஷூவைக் காணோம்! அது கிடைத்த பிறகு இருவரும் மண்டியிட்டு, பெரியவர்களுக்கு இரண்டு கையாலும் தேநீர் கொடுத்தார்கள். குடித்த ஒவ்வொருவரும் ஒரு கவரோ, தங்க வளையலோ. டிராகனும் ஃபீனிக்ஸும் செதுக்கிய வளையல்கள் மணிக்கட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போயின.

மொய் விஷயத்தில் நமக்கு நேரெதிர். 501, 1001 எல்லாம் இங்கே செல்லாது. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை, அதிலும் 4 கூடாது. ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு. நான் 600 யுவான் வைத்தேன். வாசலில் வாங்கியவர் கவரின் ஒரு மூலையை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். வாழ்த்தை எடுத்துக்கொண்டோம், காசு வேண்டாம் என்று அர்த்தமாம். இது குவாங்சோ இருக்கும் குவாங்டாங் மாகாணத்துப் பழக்கம். மற்ற பல மாகாணங்களில் பெயர், தொகை எல்லாம் நோட்டில் எழுதி, நாளைக்குத் திருப்பிச் செய்ய வேண்டும்; அசல் நம்ம மொய் நோட்டு. அம்மாவிடம் போனில் சொன்னேன். “ஏங்கண்ணு, மொய்யத் திருப்பிக் குடுத்துட்டாங்களா? உம்மேல என்ன கோவம் அவங்களுக்கு?”

அழைப்பிதழில் 6 மணி என்றிருந்தது. சாப்பாடு வந்தபோது 8. அதுவரை மண்டபத்தின் ஓரத்தில் மாஜோங் என்ற கட்டை ஆட்டம் ஓடியது, யாருக்கும் பசித்ததாகத் தெரியவில்லை. முதலில் வந்தது முழுப் பன்றிக்குட்டி ரோஸ்ட், கண்களில் சிவப்பு பல்பு எரிய. எனக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அப்புறம் ஆவியில் வேகவைத்த மீன். அதை விட்டு எழ மனம் வரவில்லை. கடைசிப் பதார்த்தம் வந்ததுமே கூட்டம் கலைந்தது. என் பக்கத்து நாற்காலி அம்மா டப்பா கேட்டு வாங்கி மிச்ச மீனை எடுத்துக்கொண்டார். அவருக்கு அடுத்தவர் வாத்துக்கறிக்கு டப்பா தேடிக்கொண்டிருந்தார்.