கேட்டது 1 பார், கிடைத்தது மைனஸ் 3

மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் கணக்கிட்டுப் பார்க்கும் சிமுலேஷன்தான் எங்கள் வேலை. சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் தன் ஓட்டத்தின் வரைபடத்தோடு வந்து நின்றார். அழுத்தக் கோடு −240 பாருக்கும் 250 பாருக்கும் (1 பார் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தம்) இடையே துள்ளிக்கொண்டிருந்தது. "நான் 1 பார் என்றுதான் கொடுத்தேன்" என்றார், குற்றம் செய்தவரைப் போல. சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முனைவர் பட்ட ஆய்வின் முதல் ஆண்டில் இதே மாதிரிப் படத்தை வைத்துக்கொண்டு பதினோரு நாட்களைத் தொலைத்தவள் நான்.

என்னுடையது வெறும் நீர்ப்பெட்டி. எஸ்பிசி/ஈ என்ற நீர் மாதிரியில் 10,000 மூலக்கூறுகள், 298 கெல்வின், 100 பைகோசெகண்ட் (ஒரு பைகோசெகண்ட் என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு). சராசரி அழுத்தம் −3 பார், திட்ட விலக்கம் 80 பார் என்று வந்தது. கேட்டது 1. பெட்டியின் அளவை மாற்றி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாரோஸ்டாட் சோம்பேறித்தனமாக வேலை செய்கிறது என்று முடிவு கட்டி, அது எவ்வளவு வேகமாகத் திருத்தும் என்பதைத் தீர்மானிக்கும் தளர்வு நேரத்தை 2 பைகோசெகண்டிலிருந்து 0.2 ஆகக் குறைத்தேன். நான் பயன்படுத்திய பாரினெல்லோ–ரஹ்மான் பாரோஸ்டாட் முறையில் பெட்டிக்கே ஒரு நிறை உண்டு. சுருள்வில்லில் தொங்கும் எடை போல அது ஊசலாடும். இறுக்கிப் பிடித்ததும் பெட்டி மூச்சிரைப்பது போல விரிந்து சுருங்கியது. பிணைப்பு நீளங்கள் குறித்த எச்சரிக்கைகள் வரிசையாக வந்து விழ, ஓட்டம் நின்றது. பேனைப் பெருமாளாக்கியதன் பலன்.

எந்த மூலத்தில் கோளாறு என்று தேடினேனோ அது கணக்கின் அமைப்பிலேயே இருந்தது. சிமுலேஷனில் அழுத்தமானி கிடையாது. இரண்டு உறுப்புகளிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகிறோம்: ஒன்று இயக்க ஆற்றலிலிருந்து வருவது, மற்றொன்று துகள்களுக்கிடையேயான விசைகளிலிருந்து வருவது, அதாவது வைரியல். திரவ நீரின் அடர்த்தியில், ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு புள்ளியாகக் கொண்டால், இயக்கப் பகுதி மட்டுமே சுமார் 1,370 பார். விசைகள் ஏறக்குறைய அதே அளவு உள்நோக்கி இழுக்கின்றன. மிஞ்சுவதுதான் அந்த 1 பார். இரண்டு யானைகளை எடை போட்டு, வித்தியாசத்திலிருந்து எறும்பின் எடையைச் சொல்லும் வேலை இது. அந்த யானைகளும் சும்மா நிற்பதில்லை. ஆக்சிஜன்கள் சற்றே நெருங்கினாலும் விலக்குவிசை செங்குத்தாக ஏறும். வைரியல் சில ஃபெம்டோசெகண்டுகளில் (பைகோசெகண்டின் ஆயிரத்தில் ஒரு பங்கு) நூற்றுக்கணக்கான பார் தாவும்.

ஆகவே ஒவ்வொரு படியிலும் அச்சாகும் எண்ணை அழுத்தம் என்று அழைக்கவே எனக்கு இப்போது தயக்கம். அதன் சராசரிதான் அழுத்தம். சுவரில் மாட்டிய அழுத்தமானி கணக்கற்ற மூலக்கூறுகளின் மோதலை நெடுநேரம் சராசரியாக்கிய பிறகே முள்ளை அசைக்கிறது. நாமோ ஒரு சிறு பெட்டியை ஒரு கணத்தில் பார்த்துவிட்டுப் பதறுகிறோம்.

சிமுலேஷனை ஓட்டும் குரோமாக்ஸ் மென்பொருளின் ஆவணங்களிலேயே இது இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை. 216 நீர் மூலக்கூறுகள் கொண்ட பெட்டியில் 500–600 பார் ஏற்ற இறக்கம் இயல்பு. துகள்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து அது குறைகிறது. நூறு மடங்கு பெரிய பெட்டியிலும் 50–60 பார் இருக்கும். என் 10,000 மூலக்கூறுகளுக்கு இந்தக் கணக்கைப் போட்டால் 73க்கும் 88க்கும் இடையே வரும். எனக்குக் கிடைத்ததோ 80!

சரி, −3? ஒரு பைகோசெகண்டுக்கு ஒரு பதிவு என்று நூறு பதிவுகள் வைத்திருந்தேன். அவை ஒன்றையொன்று சாராதவை என்று தாராளமாக எடுத்துக்கொண்டாலும், சராசரியின் திட்டப் பிழை 80-ஐப் பத்தால் வகுத்தது, 8 பார். அடுத்தடுத்த பதிவுகளுக்குள் தொடர்பு இருந்தால் பிழை இன்னும் பெரிது. பதிவுகளைத் தொகுதிகளாகப் பிரித்துச் சராசரி எடுத்தால் அது தெரிந்துவிடும். பிழையே 8 பார் இருக்கும்போது −3க்கும் 1க்கும் என்ன சண்டை? நீரின் அமுக்குமை, அதாவது அழுத்தத்துக்கு அது சுருங்கும் விகிதம், ஒரு பாருக்கு 4.5 × 10⁻⁵ என்பதால், அந்த 4 பார் வித்தியாசம் அடர்த்தியை ஏறத்தாழ 0.02 சதவீதம்தான் மாற்றும். அதற்காகப் பதினோரு நாள்.

அந்த நாட்களின் நடுவே பெரெண்ட்சென் பாரோஸ்டாட்டுக்கு மாறி, பெட்டி அடங்கிவிட்டது என்று மகிழ்ந்ததும் உண்டு. 1984இல் வந்த அந்த முறை பெட்டியைச் சீராகச் சமநிலைக்குக் கொண்டுசெல்லும். ஆனால் கனஅளவின் இயற்கையான ஏற்ற இறக்கத்தை அமுக்கிவிடும். அந்த ஏற்ற இறக்கத்திலிருந்துதான் அமுக்குமையையே கணக்கிடுகிறோம். 216 மூலக்கூறுப் பெட்டியின் கனஅளவு ஏறத்தாழ 1.7 சதவீதம் ஆடத்தான் வேண்டும். அளவுக்கு மீறி அமைதியான கனஅளவுக் கோட்டைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. புதிதாகத் தொடங்குபவர்களிடம் 2020இல் பெர்னெட்டியும் புஸ்ஸியும் வெளியிட்ட, அந்த ஏற்ற இறக்கத்தை அமுக்காத சி-ரீஸ்கேல் பாரோஸ்டாட் முறையைப் பயன்படுத்தச் சொல்கிறேன்.

நான் கவலைப்படும் இடங்கள் வேறு. கனஅளவு மாறாத ஓட்டத்தில் சராசரியே −220 பார் என்று நின்றால், பெட்டி ஒரு சதவீதம் பெரிதாக இருக்கலாம். கணக்கைச் சுருக்க 0.9 நானோமீட்டர் தொலைவோடு மூலக்கூறுகளுக்கிடையேயான விசையை வெட்டிவிட்டு, அதற்கு அப்பாலுள்ள ஈர்ப்புக்கான திருத்தத்தைச் சேர்க்க மறந்தால், நீரில் சுமார் 280 பார் பிசகும். சராசரியே இவ்வளவு நகர்ந்தால் எத்தனை நானோசெகண்ட் ஓட்டினாலும் சரியாகாது.

மாணவரிடம் அடர்த்தியை மட்டும் கேட்டேன். கன மீட்டருக்கு 998 கிலோகிராம், சாய்வில்லாத கோடு. என் பழைய பெட்டியைப் போலவே 10,000 மூலக்கூறுகள். நான் சொன்னதை அவர் முழுதாக நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. பெட்டியை மூன்று திசையிலும் இரட்டிப்பாக்கி ஓட்டியிருக்கிறார், 80,000 மூலக்கூறுகள். திட்ட விலக்கம் 28 பார். கீழே ஒரே வரி: "80-ஐ எட்டின் வர்க்கமூலத்தால் வகுத்துப் பார்த்தேன்."