ஒரே பாட்டில்தானா?

மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும், பிளட் கல்ச்சர் மிஷின் கத்தினால் கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். நோயாளியின் ரத்தம் இருக்கிற பாட்டிலில் ஏதோ வளர்ந்திருக்கிறது. ஒரு துளி எடுத்து ஸ்லைடில் தடவி, சூட்டில் காட்டி, கிராம் ஸ்டெயின் போடுவோம். கிரிஸ்டல் வயலெட், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சஃப்ரனின். ஐந்து நிமிட வேலை. 1884ல் பெர்லினில் இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்ற டென்மார்க் டாக்டர், நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமி தேடியபோது கண்டுபிடித்த முறை இது. எத்தனையோ மிஷின் வந்த பிறகும் டாக்டருக்குச் சொல்லும் முதல் செய்தி இதிலிருந்துதான் போகிறது.

சுவர் தடித்த கிருமி வயலெட் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும், அது கிராம் பாசிட்டிவ். மற்றது ஆல்கஹாலில் சாயத்தை விட்டுவிட்டு சஃப்ரனினின் சிவப்பை வாங்கிக்கொள்ளும். ஆல்கஹால் விடும் அந்தச் சில நொடிகளில்தான் கைப்பக்குவம் எல்லாம். கொஞ்சம் அதிகமாகக் கழுவினால் பாசிட்டிவும் சிவப்பாகி நிற்கும், வார்டில் வேறு மருந்து ஏறும். புதிதாக வருகிற பிள்ளைகளை முதலில் இதில்தான் பழக்குவேன்.

எண்ணெய் விட்டு நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால் ஊதா உருண்டைகள் திராட்சைக் கொத்து மாதிரி குவிந்திருக்கும். ஸ்டெஃபைலோகாக்கஸ், சுருக்கமாக ஸ்டாஃப். சிக்கலே இங்கிருந்துதான் ஆரம்பம். இதில் ஆரியஸ் என்கிற வகை ரத்தத்தில் இறங்கினால் இதய வால்வு, எலும்பு, முதுகெலும்பு என்று எங்கே வேண்டுமானாலும் போய் உட்காரும். எபிடெர்மிடிஸோ நம் எல்லோருடைய தோலிலும் சும்மா குடியிருப்பது. ஸ்லைடில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது.

"சார், ஐசியூ மூணாவது பெட். கிராம் பாசிட்டிவ் கோகை, கிளஸ்டர்ஸ்."

"ஆரியஸா மேடம்?"

"நாளைக்குத்தான் சொல்ல முடியும் சார். எத்தனை பாட்டில் எடுத்தீங்க?"

"ஒண்ணுதான்."

இந்த "ஒண்ணுதான்" கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. இரண்டு கையிலிருந்து தனித்தனியாக எடுத்து, இரண்டிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்திலேயே இருந்தது என்று சந்தேகப்படலாம். ஒன்றே ஒன்று என்றால், ஊசி குத்தும்போது தோலிலிருந்து ஏறியதா, உண்மையிலேயே ரத்தத்தில் இருந்ததா என்று யார் சொல்வது? தோலில் தடவிய மருந்து காய்வதற்குள் குத்திவிடுகிறார்கள். சிஸ்டர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, நைட் டியூட்டியில் அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

பாட்டிலிலிருந்து எடுத்துப் பிளேட்டில் தடவியதில் மறுநாள் வளர்ந்ததை பிளாஸ்மாவில் கலந்து 37 டிகிரியில் வைப்போம். நாலு மணி நேரம் கழித்து டியூபை மெல்லச் சாய்த்தால் திரவம் ஓடாமல் கட்டியாக நிற்கும். அப்படி நின்றால் ஆரியஸ். அப்புறம் செஃபாக்ஸிடின் என்ற ஆன்டிபயாடிக் ஏற்றிய டிஸ்க்கைக் கிருமி மேல் வைப்போம். அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை ஸ்கேலில் அளக்கிறோம். 21 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெதிசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத ஆரியஸ். மெதிசிலின் வந்தது 1959ல், அதற்கு அடங்காத ஸ்டாஃப் பிரிட்டனில் பிடிபட்டது 1961லேயே. இதற்கு வான்கோமைசின் டிரிப் போட்டால் கிட்னியையும் கண்காணிக்க வேண்டும்.

சங்கிலியாகத் தெரியும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கதை வேறு. தொண்டைப்புண் தரும் குரூப் ஏ வகை இன்றைக்கும் பென்சிலினுக்கு அடங்கிப்போகிறது. ஆனால் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று வாரம் கழித்து சில பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கி, ருமாட்டிக் காய்ச்சல் வரும். அப்போது தொண்டையில் கிருமி பெரும்பாலும் கிடைக்காது. அது வந்து போன தடயத்தை ரத்தத்தில் ஏஎஸ்ஓ டெஸ்டில் தேட வேண்டியதுதான். அந்தக் காய்ச்சலில் இதய வால்வு கெட்ட பிள்ளைகள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசிக்கு வருஷக்கணக்கில் வருகிறார்கள். இத்தனை சாதுவான கிருமிக்கு இவ்வளவு பெரிய விலை என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஸ்டாஃபுக்கே வருகிறேன். கிருமியின் பெயரையும் மருந்துப் பட்டியலையும் அச்சடித்துக் கொடுத்தால், ஒற்றை பாட்டில் எபிடெர்மிடிஸுக்கும் வான்கோமைசின் ஏறிவிடும். அதனால் இப்போது எந்த மருந்துக்கு அடங்கும் என்கிற சென்சிடிவிட்டியைப் போடாமல், "தோலிலிருந்து வந்திருக்கலாம், மறுபடி இரண்டு பாட்டில் அனுப்பவும்" என்று மட்டும் எழுதுகிறோம். சில டாக்டர்கள் போன் போட்டுச் சண்டைக்கு வருவார்கள். அவர்களை எனக்குப் பிடிக்கும். "மேடம், அவருக்கு டயாலிசிஸ் லைன் இருக்கு, மெஷின்ல போட்டதும் குளிரெடுக்குது" என்பார்கள். ரத்தக்குழாயில் செருகிய லைனோ செயற்கை வால்வோ இருக்கிறவருக்கு அதே எபிடெர்மிடிஸ் ஆளையே சாய்த்துவிடும். ஃபாரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் சென்சிடிவிட்டியை முதலிலேயே போட்டிருப்போம். சரி, இப்படிப் போன் வரும் என்று தெரிந்துதான் அந்தப் பிளேட்டுகளை ஒரு வாரம் ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறோம்.