பை ஹுக் ஆர் பை க்ரூக்

எங்கள் வங்கியில் மார்ச் மாதக் கூட்டத்தில் இந்த ஆங்கிலத் தொடர் காதில் விழாவிட்டால்தான் ஆச்சரியம். முந்தைய மார்ச்சிலும் மேலிடத்தில் சொன்னார்கள், கிளையில் நான் திருப்பிச் சொன்னேன். "பை ஹுக் ஆர் பை க்ரூக், அந்தத் தையல்கடைக் கடன் கணக்கு 31க்குள் சரியாகிவிட வேண்டும், தம்பி."

தவணை பாக்கி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடனாகிவிடும் என்று வங்கிக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வேலைக்குப் புதிதாக வந்த அந்த அதிகாரி கேட்டது வேறு: "எதுவரைக்கும் போகலாம், சார்?"

"எப்பாடு பட்டாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அந்தப் பதிலைத்தான் இன்னும் அசைபோட்டுக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத் தொடரில் நேர்வழியோ குறுக்குவழியோ என்ற வாடை உண்டு. நான் அதை விலக்கிவிட்டு, உழைப்பை மட்டும்தான் சொன்னேன். பாடுபடச் சொல்வதில் என்ன தப்பு? ஆனால் யார் படும் பாடு என்று நான் சொல்லவில்லை.

31ஆம் தேதி மாலை கணக்கு சரியாகியிருந்தது. சலான் கட்டைப் புரட்டினேன். பெயர், தொகை எல்லாம் அந்தப் புதிய அதிகாரியின் கையெழுத்து. 'ழ'வின் வாலை அப்படி இழுத்து விடுகிறவர் கிளையில் வேறு யாருமில்லை. பணம் கட்டியவர் என்ற இடத்திலும் அவரே கையொப்பமிட்டிருந்தார்.

"கடைக்காரர் கொடுத்தாரா?"

"ஏப்ரலில் கொடுத்துவிடுவார், சார்."

வாடிக்கையாளரோடு ஊழியர் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் எழுதியிருந்தால் அவருக்கு மெமோ. எழுதவில்லை. அவர் யாரையும் மிரட்டவில்லை, கடை வாசலில் நின்று மானத்தை வாங்கவில்லை, தன் சம்பளத்தைத்தான் போட்டார். அதே சமயம், கெட்ட கடன் ஒன்று நல்ல கடனாக வேஷம் போட்டு ஏட்டில் ஏறிவிட்டது. இதில் எது ஹுக், எது க்ரூக்?

இந்தத் தொடர் 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேய இறையியலாளர் ஜான் விக்ளிஃபின் எழுத்துகளில் இருக்கிறது. அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டைப் பிடிக்க வந்த ஆங்கிலேயப் படைத்தலைவர் கிராம்வெல், பக்கத்திலுள்ள ஹுக், க்ரூக் என்ற இடங்களை வைத்துச் சொன்னது என்பார்கள். அவர் அங்கே போனதோ 1649இல், எனவே அந்தக் கதை நிற்காது. இன்னொரு விளக்கம் உண்டு, அதுவும் உறுதியானதல்ல. பிரபுவின் காட்டில் ஏழைக் குடியானவர்கள் அரிவாளுக்கும் (ஹுக்) இடையனின் வளைகோலுக்கும் (க்ரூக்) எட்டுகிற காய்ந்த கிளைகளை மட்டும் விறகுக்கு எடுத்துக்கொள்ளலாமாம். நம் ஊர்த் தொரட்டி போலத்தான். அது உண்மையென்றால், தொடர் சொல்வது எல்லையை. எட்டாத கிளை உனக்கில்லை என்பதை. நாங்கள் அதை வைத்து மரத்தையே சாய்க்கச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இந்த மார்ச்சில் அந்தத் தொடரை நான் வாயில் எடுக்கவில்லை. "கேட்டுப் பாருங்கள், தராவிட்டால் வந்துவிடுங்கள்" என்றேன். வசூல் படுத்துவிட்டது. தையல்கடைக் கணக்கும் வாராக்கடனில் சேர்ந்துவிட்டது. விளக்கம் கேட்டு மண்டல அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.