மாண்ட்கமரி கவுன்டியில் எந்த ஹைஸ்கூல்?

மேரிலாந்தின் மாண்ட்கமரி கவுன்டியில் வீடு தேடும் நம் ஆட்களிடம் பேசினால் மூன்று பெயர்தான் வரும்: பெத்தெஸ்டாவின் வால்ட் விட்மன், பொட்டோமாக்கின் வின்ஸ்டன் சர்ச்சில், ராக்வில்லின் வூட்டன். நல்ல பள்ளிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளிகளின் சராசரி மதிப்பெண்ணில் பள்ளியின் உழைப்பு எவ்வளவு, பெற்றோரின் சம்பளம் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

சில்வர் ஸ்பிரிங்கில் உள்ள மாண்ட்கமரி பிளேர் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியில் அந்த மூன்றுக்கும் கீழேதான், ஆனால் 1985 முதல் அங்கே நடக்கும் அறிவியல், கணிதம், கணினி மேக்னெட் திட்டம் (தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கான சிறப்புப் பாடத்திட்டம்) நாடு முழுக்கப் பெயர் வாங்கியது, அதற்கு எட்டாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும், பக்கத்தில் வீடு வாங்கிவிட்டால் மட்டும் இடம் கிடைத்துவிடாது. ரிச்சர்ட் மாண்ட்கமரி பள்ளியின் ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரியேட் என்ற சர்வதேசப் பாடத்திட்டம்) மேக்னெட்டும் அப்படித்தான். மேக்னெட் ஒன்று, வழக்கமான வகுப்புகள் ஒன்று என ஒரே கட்டடத்துக்குள் இரண்டு பள்ளிகள் இருப்பதுபோல இருக்கும்போது, பள்ளிக்குத் தரும் ஒற்றை ரேட்டிங் எண் எதைச் சொல்லும்?

அப்புறம், பிளேர், ஐன்ஸ்டைன், கென்னடி, நார்த்வுட், வீட்டன் ஐந்தும் ஒரே கூட்டமைப்பு. அந்த எல்லைக்குள் இருக்கும் பிள்ளைகள் இந்த ஐந்தில் எது முதலில் வேண்டும், எது அடுத்து என்று விருப்ப வரிசை கொடுக்கலாம். என்னைக் கேட்டால், பிள்ளை படிக்க நினைக்கும் பாடம் எங்கே இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, இதை முதலில் பாருங்கள். ரேட்டிங்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.