தளைநார்

தேங்காய் பறிக்க வந்த தம்பி இன்று மரமேறும் மெஷினை மாட்டிக்கொண்டு மிதித்து மிதித்து ஏறினார்.

எதிர்த்திண்ணைப் பெரியப்பா விடவில்லை. “கால்ல தளைநார் போட்டு ஏறுனாத்தான் ஏத்தம். இது லிஃப்டு!”

தம்பி சிரித்தார். கால் விளிம்பில் பழைய நார்க் காய்ப்பு இன்னும் கறுப்பாக இருந்தது.

மாயவரத்தில் மலை ஏது? ஆனாலும் தென் அமெரிக்காவில், படகோனியாவின் செரோ தோரே மலை நினைவுக்கு வந்தது.

1970இல் இத்தாலிய மலையேறி சேசரே மேஸ்த்ரி அங்கே பாறையைத் துளைக்கக் கம்ப்ரசரையே தூக்கிப்போய், நூற்றுக்கணக்கில் போல்ட் அடித்து ஏறினார். மலையேற்றப் பத்திரிகைகள் கிழித்தன. இப்படிப் போல்ட் அடித்தே ஏறுவது, ‘முடியாதது’ என்ற ஒன்றையே கொல்வது என்று இன்னொரு மலையேறி மெஸ்னர் அதற்கு முன்பே, 1968இல் எழுதியிருந்தார். அந்தக் கோபம் ஆறவேயில்லை. 2012இல் இரண்டு இளைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட போல்ட்டுகளைப் பிடுங்கிவிட்டார்கள்.

சரி, மெஸ்னராவது ஏறுகிறவர்.

பெரியப்பா கடைசியாக மரம் ஏறியது எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை. தம்பி வெட்டிக் கொடுத்த இளநீரை இரண்டு பேரும் குடித்தோம்.