தைலமரத்தின் கன அளவைக் கணிப்பது

ஒரே தாய்மரத்தின் இளந்தண்டுகளை வேரூன்றச் செய்து உருவாக்கிய குளோன் கன்றுகளை நட்ட தைலமரத் தோப்பில், மரத்துக்கு மரம் மரபு வேறுபாடு இல்லாததால், சுற்றளவுக்கும் உயரத்துக்கும் இடையிலான உறவு விதைக்கன்றுத் தோப்பில் இருப்பதைவிடச் சீராக அமைகிறது. ஆகவே மாதிரிப் பகுதியிலுள்ள எல்லா மரங்களின் சுற்றளவையும் எடுத்து, சிலவற்றின் உயரத்தை மட்டும் அளந்தாலே மற்றவற்றின் உயரத்தைச் சமன்பாட்டால் பெற்றுவிடலாம். கன அளவுக்கு, வனவியலாளர்களான ஷூமாக்கரும் ஹாலும் 1933இல் முன்வைத்த, தண்டின் பருமனையும் உயரத்தையும் கொண்டு கன அளவைத் தரும் மடக்கை (logarithm) சமன்பாடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது.

தரையிலிருந்து 1.37 மீட்டரில் 45 செ.மீ. சுற்றளவும் 15 மீட்டர் உயரமும் உள்ள மரத்துக்கு, வடிவக் காரணியை (அதே சுற்றளவும் உயரமும் உள்ள உருளையின் கன அளவில் தண்டின் பங்கு) 0.45 எனக் கொண்டால், கன அளவு ஏறத்தாழ 0.109 கன மீட்டர். உரிந்து தொங்கும் பட்டையின் மீதே நாடாவைச் சுற்றி 46 என்று குறித்துவிட்டால், சுற்றளவின் இருமடி கணக்கில் வருவதால், விடை 4 விழுக்காட்டுக்கும் மேல் கூடிவிடும். பட்டையைக் கையால் விலக்கிவிட்டு அளக்கச் சொல்லி நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒரு குளோனுக்குப் பொருத்திய சமன்பாட்டுக் கெழுக்களை (அதில் வரும் மாறா எண்களை) மற்றொன்றுக்கு அப்படியே எடுத்தாள்வதை என்னால் ஏற்க முடியவில்லை; தண்டு மேல்நோக்கிக் குறுகும் விதமும் பட்டையின் தடிப்பும் குளோனுக்குக் குளோன் மாறுபடும். வரப்போர மரங்கள் கூடுதல் வெளிச்சம் பெற்றுப் பருத்திருக்கும் என்பதால், மாதிரிப் பகுதியைத் தோப்பின் உட்புறமாகத் தள்ளி அமைக்க வேண்டும்.