1,200 மணி நேரம், அப்புறம் ஒரு கேரவன்

செஸ்னா 208பி கிராண்ட் கேரவன் என்ற ஒற்றை இன்ஜின் ப்ரொப்பெல்லர் விமானத்தை ஓட்ட அமெரிக்காவில் தனியாக டைப் ரேட்டிங், அதாவது அந்த ரக விமானத்துக்கென்றே தரும் அனுமதி, வாங்க வேண்டியதில்லை. ஜெட் விமானங்களுக்கும், 12,500 பவுண்டுக்கு மேல் எடையுள்ளவற்றுக்கும்தான் அது கட்டாயம். கேரவன் முழுப் பாரத்தோடு புறப்பட்டாலும் 8,750 பவுண்டுதான். கமர்ஷியல் லைசென்ஸில் ஒற்றை இன்ஜின் ரேட்டிங் இருந்தால் சட்டம் விட்டுவிடும். இதைப் படித்துவிட்டு, சிறிய பயிற்சி விமானமான செஸ்னா 172 ஓட்டுகிறவனுக்கு இது அடுத்த படிதானே என்று நினைத்தேன். அந்த நினைப்பு மாற எனக்கு ஒரு குளிர்காலம் தேவைப்பட்டது.

சம்பளத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் தனியாகப் பறக்க வேண்டுமானால், பகுதி 135 என்ற விதித்தொகுப்புக்குள் வர வேண்டும். அது கேட்கும் கணக்கு: மொத்தம் 1,200 மணி நேரம். அதில் ஊர் விட்டு ஊர் போனது 500, இரவில் 100, கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 75. அந்த 75லும் 50 மணி நேரம் சிமுலேட்டரில் அல்லாமல் ஆகாயத்தில் பறந்ததாக இருக்க வேண்டும்.

எனக்கு லைசென்ஸ் கைக்கு வந்தபோது 250 மணி நேரம் சொச்சம். மீதியை அரிசோனாவில், மீசாவில் இன்ஸ்ட்ரக்டராக இருந்து சேர்த்தேன். மொத்த மணி நேரம் தானாகவே ஏறிவிடும்; இடிப்பது அந்த 500தான். மாணவர்களோடு விமான நிலையத்தையே சுற்றிக்கொண்டிருந்தால் அது ஏறாது. ஆறு மாதம் கவலைப்பட்ட பிறகுதான் ஒரு சீனியர் சொன்னார்: லைசென்ஸ் தேர்வுகளுக்குக் கேட்கும் 50 கடல் மைல் தூரம் இந்தக் கணக்குக்குக் கிடையாது, வழி பார்த்துப் போய் வேறொரு விமான நிலையத்தில் இறங்கினாலே போதும். அன்று இரவே லாக்புக்கை முதல் பக்கத்திலிருந்து எடுத்து, தனிப் பத்தி போட்டு மறுபடியும் கூட்டினேன். இந்தப் பாதையில் வருகிற யாராக இருந்தாலும் அந்தப் பத்தியை முதல் நாளிலிருந்தே போட்டு வையுங்கள்.

1,200 முடிந்ததும் தெற்கு டகோட்டாவில் பார்சல் ஏற்றும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஃபோனில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஒரு இன்ஜின்தானாப்பா? நடுவுல நின்னுட்டா?" நின்றால் ப்ரொப்பெல்லர் இறக்கைகளைக் காற்றுக்கு நேராகத் திருப்பிவிட்டு, 95 நாட் (மணிக்கு 95 கடல் மைல்) வேகத்தில் வழுக்கிக்கொண்டே இடம் பார்த்து இறங்கலாம் என்று விளக்கினேன். அம்மாவுக்கு அது போதவில்லை. அந்தக் கேள்வியை நான் இன்றும் ஒவ்வொரு புறப்பாட்டுக்கு முன்னும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் வாரம் முழுக்க வகுப்பறை. பிராட் அண்ட் விட்னி கனடாவின் பி.டி.6ஏ-114ஏ இன்ஜின், 675 குதிரைத்திறன். காற்று இதில் பின்பக்கமாக நுழைந்து முன்னோக்கி ஓடி, எரிந்து, ப்ரொப்பெல்லருக்குப் பக்கத்திலேயே புகைக்குழாய் வழியாக வெளியேறும். காற்றை அழுத்தும் பகுதிக்கும் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைனுக்கும் நடுவே தண்டு இணைப்பே கிடையாது. சூடான வாயு போய் மோதுவதுதான் ஒரே தொடர்பு. படத்தில் பார்த்தபோது நம்பவில்லை. ஹேங்கரில் நின்றுகொண்டிருந்த விமானத்தின் ப்ரொப்பெல்லரைக் கையால் தள்ளிப் பார்த்தேன். மின்விசிறி போல லேசாகச் சுற்றியது. அப்போதுதான் புரிந்தது.

ஸ்டார்ட் செய்வதுதான் முதல் பயம். பேட்டரி 24 வோல்ட்டாவது காட்ட வேண்டும். ஸ்டார்டரைப் போட்டு, சுழற்சி 12 சதவீதம் தாண்டி நிலைத்த பிறகுதான் கண்டிஷன் லீவரைத் தள்ளி எரிபொருளைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தாலோ, வால் பக்கமிருந்து பலமான காற்று அடித்தாலோ, பேட்டரி சோர்ந்திருந்தாலோ உள்ளே வெப்பம் எகிறும். வரம்பு 1,090 டிகிரி செல்சியஸ், அதுவும் இரண்டு விநாடிக்கு மட்டும். தாண்டினால் இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் செலவு வீடு வாங்கும் செலவுபோல் இருக்கும். அதனால் முள் நிலைக்கும்வரை கை கண்டிஷன் லீவரை விட்டு நகரக் கூடாது. எப்போது வேண்டுமானாலும் பின்னுக்கு இழுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

கை மறக்க வேண்டிய பழக்கங்களும் இருந்தன. 172ல் புறப்படும்போது த்ராட்டிலை முழுக்கத் தள்ளுவோம். இங்கே அப்படித் தள்ளினால், அதுவும் குளிர்நாளில், டார்க் (ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் முறுக்கு விசை) வரம்பை மீறிவிடும். முள்ளைப் பார்த்துப் பார்த்து நிறுத்த வேண்டும். இறங்கும்போது பவர் லீவரை முழுக்க இழுத்தால், அந்தப் பெரிய ப்ரொப்பெல்லர் தட்டுபோல் காற்றை மறித்து விமானத்தைக் கீழே அமுக்கும். என் முதல் மூன்று தரையிறக்கங்களும் அதனால்தான் தடால் என்று விழுந்தன.

இரண்டாவது வாரம் விச்சிட்டாவில் சிமுலேட்டர். அங்கேதான் உண்மையாகத் திணறினேன். அரிசோனாவில் கருவிப் பறப்பு என்றால் நீல வானத்தில் கண்ணை மறைக்கும் ஒரு முகமூடிதான். ஐஸை நான் பார்த்ததே இல்லை. கேரவன் ஐஸில் சிக்கி நடந்த விபத்துகள் ஏராளம். அதற்குப் பிறகுதான் ஐஸ் படியும் நிலையில் ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கி மடக்கும் தகடு) மடக்கியிருந்தால் 120 நாட்டுக்குக் கீழே போகாதே என்ற விதி வந்தது. இறக்கையின் முன்விளிம்பில் ரப்பர் உறை இருக்கிறது, காற்று ஊதி ஐஸை உடைக்கும். ஆனால் சக்கரக் கால்களிலும் இறக்கையைத் தாங்கும் கம்பிகளிலும் படிவதை யார் உடைப்பது?

சிமுலேட்டரில் ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு நான் அப்ரோச் சார்ட்டை (இறங்கும் வழி காட்டும் வரைபடத்தை) படித்துக்கொண்டிருந்தேன். உயரத்தைப் பிடித்து வைக்க அது மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கியது. வேகம் 118, 112, 106. எனக்குத் தெரியவே இல்லை. இன்ஸ்ட்ரக்டர் வாயே திறக்கவில்லை. இறக்கை தூக்கும் விசையை இழக்கப்போகிறது என்று ஸ்டால் எச்சரிக்கை அலறிய பிறகு திரையை நிறுத்திவிட்டு, "எந்த நேரத்தில் இந்த மேகத்தை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார். முதல் ஐஸ் கண்ணில் பட்டபோதே, 130ல் இருந்தபோதே. அந்தப் பதிலைச் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. மறுநாள் அதே பயிற்சியை நான்கு முறை செய்தோம். ஐஸ் என்றாலே ஆட்டோபைலட்டை அடிக்கடி விடுவித்து, கையில் விமானம் எப்படிக் கனக்கிறது என்று பார்க்கும் பழக்கம் அப்போது வந்ததுதான்.

செக்ரைடு என்ற பறப்புத் தேர்வு நாளில் வாய்மொழித் தேர்வு இரண்டு மணி நேரம். பெரும்பாலும் இன்ஜின்தான்: எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி இன்ஜின் ஐடிலுக்கு (மிகக் குறைந்த ஓட்டத்துக்கு) இறங்கிவிட்டால், எரிபொருளை நேரடியாகக் கூட்டும் எமர்ஜென்சி பவர் லீவரை எப்படி நகர்த்துவாய்? மெதுவாக, மிக மெதுவாக. அளவு மீறாமல் காக்க அதற்கு எந்தத் தடுப்பும் இல்லை. அப்புறம் பறந்து காட்டினேன், தேறினேன். ஒரு முறை தேறினால் முடிந்துவிடுவதில்லை. கருவிப் பறப்புத் தேர்வு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, வழித்தடத் தேர்வு வருடத்துக்கு ஒருமுறை.

மூன்று வாரம் ஒரு மூத்த கேப்டனோடு பறந்தேன். காக்பிட்டைவிட வெளியே கற்றதுதான் அதிகம். பின்பக்கம் பெட்டிகளை ஏற்றும்போது பாரம் பின்னால் சாய்ந்தால் கேரவன் வால் தரையில் உட்கார்ந்துவிடும். அதனால் வாலுக்கு அடியில் ஒரு முட்டுக் கம்பி கொடுக்க வேண்டும். "கதவைத் தொடுவதற்கு முன்னால் முட்டு" என்று தினமும் சொல்வார்.

ஜனவரியில் முதல் தனிப் பயணம், சூ ஃபால்ஸிலிருந்து அபர்டீனுக்கு. விடியுமுன் ஏணி வைத்து ஏறி, கையுறையைக் கழற்றி இறக்கையின் மேற்பரப்பைத் தடவினேன். வலது இறக்கையில், ஃபிளாப்புக்குப் பக்கம், உப்புத்தாள் போல ஒரு சொரசொரப்பு. டார்ச்சுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. ஐஸைக் கரைக்கும் திரவம் தெளிக்கும் வண்டியைக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் தாமதம். பயணங்களை ஒருங்கிணைக்கும் டிஸ்பேட்ச்சில் புதிய நேரத்தை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

அபர்டீனில் இறங்கியபோது வெயில் வந்திருந்தது. பார்சல் வேன் பக்கத்திலேயே வந்து நின்றது, ஓட்டுநர் நேரமாகிவிட்டது என்று கையசைத்தார். இன்ஜினை நிறுத்தி, ப்ரொப்பெல்லர் நிற்கும்வரை காத்திருந்து இறங்கினேன். முட்டுக் கம்பியை எடுத்து வாலுக்கு அடியில் மாட்டினேன். அப்புறம்தான் கதவைத் திறந்தேன்.